காபனீரொட்சைட்டு மானி: பத்து மாதப் பாவனைக்குப் பிறகு

மூன்று தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அளவுதான் இருக்கும். வெள்ளை நிறம். முன்பக்கத் திரையில் பெரிதாக ஓர் எண் தெரியும். அந்த இடத்துக் காற்றின் பத்து இலட்சம் பங்கில் எத்தனை பங்கு காபனீரொட்சைட்டு என்று அது சொல்கிறது. கொழும்பிலிருந்து கூரியர் செலவோடு 31,500 ரூபாய்க்கு வரவழைத்தேன். நெல்லியடியில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிற எனக்கு அது சின்னக் காசில்லை. ஏன் வாங்கினேன் என்பதைச் சொன்னால்தான் இது பிரயோசனமான சாமானா என்று நீங்கள் தீர்மானிக்கலாம்.

என் அக்காவின் மூத்த மகன் ஓர் அடிபாட்டு வழக்கில் நாலரை மாதம் விளக்கமறியலில் இருந்தான். எந்தச் சிறை என்பதை இங்கே எழுதவில்லை. அவனிடம் கேட்டு, அவன் சம்மதித்த பிறகுதான் இவ்வளவும் எழுதுகிறேன். பிணையில் வந்த நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தான். உள்ளே சாப்பாடு சரியில்லைத்தானே என்று அக்கா கோழியும் முட்டையுமாகச் சமைத்துப் போட்டார். இருமல் நிற்கவில்லை. பின்னேரமானால் உடம்பு காய்ந்தது. தனியார் மருத்துவர் ஒருவர் இரண்டு தடவை நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தார். எங்கே இருந்து வந்தவன் என்று கேட்கவில்லை, நாங்களும் வெட்கத்தில் சொல்லவில்லை. ஐந்தாவது கிழமை அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த தாதி கேட்ட இரண்டாவது கேள்வியே, "தம்பி, மறியலுக்குள்ள இருந்தனீங்களா?" என்பதுதான். சளியைப் பரிசோதித்தார்கள். காசநோய்.

மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு நான்கு மாதம் இரண்டு மருந்துகள், எல்லாம் இலவசம். வீட்டில் இருந்த அத்தனை பேரையும் அழைத்துப் பார்த்தார்கள். அக்காவின் பேத்திக்கு நாலு வயது. நோய் இல்லை, ஆனாலும் தடுப்புக் குளிசை தொடங்கினார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தால் அப்படித்தான் செய்வார்கள். அந்தச் சேவையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களிடம் நான் கேட்ட ஒரு கேள்விதான் இந்த மானியில் கொண்டுவந்து விட்டது. "கோப்பை, பாய் எல்லாம் தனியாக வைக்கவேண்டுமா?" என்று கேட்டேன். "கோப்பையால பரவாது. யன்னலைத் திறந்து வையுங்கோ" என்றார்கள்.

இருமும்போதும் கதைக்கும்போதும் வெளிவருகிற மிக நுண்ணிய துளிகள் உலர்ந்து, கிருமியோடு மணிக்கணக்காக மிதக்கும். இதை நிரூபித்தவர்கள் வெல்ஸ், ரைலி என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1950களின் கடைசியில் பால்டிமோர் நகரத்து வைத்தியசாலை ஒன்றில், காசநோய் விடுதியின் காற்றைக் குழாய் வழியாக மேலே இருந்த கூடுகளுக்குள் விட்டார்கள். கூடுகளில் கினிப் பன்றிகள். நோயாளிகளைக் கண்ணால் காணாத அந்தப் பிராணிகளுக்கு நோய் வந்தது. கிருமியைக் கொல்லும் கழியூதாக் கதிர் பட்டு வந்த காற்றைச் சுவாசித்தவற்றுக்கு வரவில்லை. நோயாளியின் கோப்பையை ஒளித்து வைத்துவிட்டு யன்னலை இறுக்கிச் சாத்துகிற எங்கள் வீடுகளில் இந்தப் பரிசோதனையை வருசத்துக்கு ஒருமுறையாவது சொல்லவேண்டும்.

சரி, காபனீரொட்சைட்டு எங்கே வருகிறது? நாங்கள் வெளிவிடும் மூச்சில் அது, பத்து இலட்சம் பங்கில், ஏறத்தாழ 38,000. வெளிக்காற்றில் 420 அளவு. ஓர் அறையில் 420க்கு மேலே காட்டுவது, அடுப்போ விளக்கோ எரியாவிட்டால், முழுக்க ஆட்களின் மூச்சிலிருந்து வந்தது. ஆகவே ஒரு கழித்தலும் ஒரு வகுத்தலும் செய்தால், நான் உள்ளிழுக்கும் காற்றில் எத்தனையில் ஒரு பங்கு ஏற்கெனவே இன்னொருவரின் நெஞ்சுக்குள் போய் வந்தது என்று தெரியும். 1,000 காட்டினால் அறுபத்தைந்தில் ஒரு பங்கு அளவில். 2,000 என்றால் இருபத்துநாலில் ஒரு பங்கு. 3,000 என்றால் பதினைந்தில் ஒன்று. இந்த வழியை 2003இல் ரட்னிக், மில்டன் என்ற இருவர் தொற்றுநோய்க் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். மானியின் முழுப் பயனும் இந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

வாங்கிய கதையில் ஒரு நட்டமும் உண்டு. முதலில் ஒரு கடையில் 6,800 ரூபாய்க்கு ஒன்று எடுத்தேன். பெட்டியில் காபனீரொட்சைட்டு என்றுதான் எழுதியிருந்தது. கை கழுவும் ஸ்பிரிட்டைப் பக்கத்தில் திறந்தவுடன் 400இலிருந்து 3,500க்குப் பாய்ந்தது. அது வாசனைகளை அளந்துவிட்டு ஊகத்தில் ஓர் எண்ணைப் போடும் கருவி. கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. நீங்கள் வாங்கும்போது செந்நிறக்கீழ்க் கதிரால் அளப்பதா என்று கேளுங்கள். காபனீரொட்சைட்டு அந்தக் கதிரை உறிஞ்சும். உறிஞ்சிய அளவைப் பார்த்து எண் சொல்வதுதான் உண்மையான மானி. சந்தேகம் என்றால் ஸ்பிரிட் சோதனையைக் கடையிலேயே செய்யுங்கள். இரண்டாவதாக வாங்கிய இப்போதைய மானி ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை.

பத்து மாதமாகக் குறித்து வைத்த கொப்பியிலிருந்து சிலவற்றைத் தருகிறேன்.

எங்கள் முற்றத்து வேப்பமரத்தடியில் 425. விறாந்தையில் 440. நானும் மனைவியும் மகளும் படுக்கும் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. ஏசி போட்டு, யன்னல் சாத்தி, விடிய ஐந்து மணிக்குப் பார்த்தால் 2,350. ஏசி வெளியிலிருந்து காற்றை எடுக்கிறது என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். நாங்கள் சுவரில் பூட்டுகிற ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கிறது, அவ்வளவுதான். யன்னலை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து, நுளம்பு வலையும் கட்டிப் படுத்தோம். விடியப் பார்த்தால் 900. மின்சாரக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பருத்தித்துறை மினிபஸ்ஸில், யன்னல்கள் திறந்து ஓடும்போது 700. கார்த்திகை மழையில் எல்லாம் சாத்தி, மிதிபலகை வரைக்கும் ஆட்கள் நின்றபோது 2,900. கோயில் மண்டபத்தில் திருவிழாக் கூட்டத்திலும் 480க்கு மேலே போகவில்லை. குளிரூட்டிய கலியாண மண்டபத்தில், தாலி கட்டும் நேரம் 2,400.

என்னை உலுக்கியது ரியூசன். நான் படித்த காலத்தில் எல்லாம் கிடுகுக் கொட்டில், அரைச்சுவர், புழுதி, பக்கத்து வாங்கில் இருப்பவனின் வியர்வை. அப்படி ஒரு கொட்டில் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறது. 120 பிள்ளைகள் இருந்த வகுப்பில் 560தான் காட்டியது. நான் படிப்பிக்கும் புது மண்டபத்துக்கு ஏசி, கண்ணாடி யன்னல், தரையோடு. 64 பிள்ளைகள். ஒரு மணி இருபது நிமிடத்தில் 3,100. "சேர், அப்ப பதினைஞ்சு மூச்சில ஒண்டு எங்கட இல்லையா?" என்று முன் வாங்குப் பிள்ளை கேட்டாள். அன்றைக்கு அலையியலை விட்டுவிட்டு இதைத்தான் படிப்பித்தேன். அடுத்த கிழமை நிர்வாகி இரண்டு கண்ணாடிகளைக் கழற்றிக் கம்பிவலை போட்டுத் தந்தார். இப்போது 1,200ஐத் தாண்டுவதில்லை. ஏசியும் ஓடுகிறது. 31,500 ரூபாயை நான் அங்கேயே உழைத்து எடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் எந்த அறையை அளக்க வாங்கினேனோ அதை அளக்க முடியவில்லை. மருமகனோடு பிடிபட்ட சிநேகிதன் அப்போதும் உள்ளே இருந்தான். அவனைப் பார்க்கப் போனபோது மானியைப் பையோடு வாசலில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டியிருந்தது. அது விதி. ஆட்கள் காத்திருக்கும் வெளிக்கொட்டிலில் 450 காட்டியது, திறந்த இடம். அதற்கு அப்பால் எனக்குத் தெரிந்தது மருமகன் சொன்னதுதான்.

அவன் காலடியால் அளந்து வைத்திருந்தான். நாங்கள் இருவரும் கூட்டிக் கழித்துப் பார்த்தோம்: 24 அடிக்கு 16 அடி அளவில் ஒரு மண்டபம், 12 அடி உயரம், மேலே சின்னக் கம்பித் துவாரங்கள். உள்ளே 46 பேர். "சரிஞ்சு படுக்கவும் இடமில்லை மாமா. ஒருத்தன் திரும்பினா எல்லாரும் திரும்போணும்" என்றான். தரையைப் பங்கு போட்டால் ஆளுக்கு எட்டுச் சதுர அடி. ஒரு பாயை விரிக்கவே பன்னிரண்டு வேண்டும். பின்னேரம் பூட்டினால் விடியத்தான் திறப்பார்கள். நித்திரையில் இருக்கும் ஒருவர் மணிக்குப் பன்னிரண்டு லீற்றர் அளவு காபனீரொட்சைட்டு விடுகிறார் என்றும், அந்தத் துவாரங்களால் மணிக்கு ஒருமுறை காற்று முழுக்க மாறுகிறது என்றும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வந்த எண் 4,600க்குக் கிட்ட. ஒன்பது மூச்சில் ஒன்று பக்கத்தில் இருப்பவர்களுடையது. இது என் கணக்குத்தான், அளந்தது இல்லை. மணிக்கு நாலு தடவை காற்று மாறினால் அது 1,500க்குள் இறங்கிவிடும். அதற்கு மதில் இடிக்கத் தேவையில்லை, துவாரம் பெரிதாக வேண்டும்.

அவனுக்குப் பக்கத்தில் படுத்தவர் ஒன்றரை மாதமாக இருமிக்கொண்டே இருந்தாராம். பிறகு அவரை எங்கோ மாற்றினார்கள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. மிச்ச நாற்பத்தைந்து பேரை ஒருவரும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. மருமகன் வெளியே வந்த நாளில், இருமல் இருக்கிறதா, இருந்தால் எங்கே போகவேண்டும் என்று ஒரு துண்டுக் கடதாசிகூடக் கையில் இல்லை. எனக்குக் கோபம் இதில்தான். அக்காவின் பேத்தியின் குளிசை அந்தத் துண்டுக் கடதாசியில் தொடங்கியிருக்க வேண்டியது. ஐந்து கிழமை பிந்தியது.

இலங்கைச் சிறைகளில் கொள்ளக்கூடிய அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இன்னும் தீர்ப்பு வராதவர்கள். பதினான்கு நாளுக்கு ஒருமுறை தவணை. ஒரே பஸ்ஸில் வெவ்வேறு மண்டபத்து ஆட்கள் நீதிமன்றத்துக்குப் போய் வருகிறார்கள். பிணை கிடைத்தவர் அன்றிரவே வடமராட்சியிலோ தீவுப்பகுதியிலோ தன் வீட்டில் படுக்கிறார். அவர் இருந்த இடத்துக்கு அடுத்த நாள் புது ஆள் வருகிறார். காவலர்களும் முறை முடிந்தால் மினிபஸ் ஏறித்தான் வீடு போகிறார்கள். 2020இல் கொரோனா வந்தபோது இந்த நெருக்கத்தின் பயம் எப்படியிருந்தது என்பதை மஹர சிறையில் கண்டோம். நவம்பர் 29 கலவரத்தில் 11 கைதிகள் செத்துப் போனார்கள்.

வெளிநாடுகளில் இதை ஆராய்ந்தவர்கள் எண்களோடு எழுதியிருக்கிறார்கள். என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் சொல்வது தென்னாபிரிக்காவின் பொல்ஸ்மூர் சிறையைப் பற்றி. நெல்சன் மண்டேலாவுக்கு 1988இல் காசநோய் கண்டது அங்கே இருந்தபோதுதான். அங்கே விளக்கமறியல் கைதிகள் அடைபட்ட மண்டபங்களின் அளவு, ஆள் எண்ணிக்கை, காற்று மாறும் வேகம், பூட்டி வைக்கும் மணித்தியாலம் ஆகியவற்றை வைத்து ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டார்கள். நான் மேலே செய்த கணக்கின் பெரிய வடிவம். 2011இல் முடிவு வெளிவந்தது: மிக மோசமான நிலையில், ஒரு வருசம் உள்ளே இருந்தால் கிருமி தொற்றும் வாய்ப்பு 90 சதவீதம் வரை. தொற்றிய எல்லாரும் நோயாளியாவதில்லை. வாழ்நாளில் பத்தில் ஒருவர் அளவில்தான். ஆனாலும் 90 என்பது எவ்வளவு பெரிய எண். அந்த நாட்டு விதிப்படி ஆட்களைக் குறைத்தாலே தொற்று 30 சதவீதம் குறையும், சர்வதேச அளவுக்குக் குறைத்தால் பாதியாகும் என்றும் கண்டார்கள்.

அதே பொல்ஸ்மூரில் டட்லி லீ என்பவர் நாலு வருசத்துக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்து, காசநோய் பிடித்து, கடைசியில் குற்றமற்றவர் என்று விடுதலையானார். அவர் தொடர்ந்த வழக்கில் 2012 டிசம்பரில் தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம், அவருக்கு நோய் வந்ததற்கு அரசாங்கமே பொறுப்பு என்று தீர்த்தது. இன்ன நாளில் இன்ன ஆளிடமிருந்து தொற்றியது என்று ஒரு கைதியால் காட்டமுடியாது. அதனால் வழக்குத் தோற்கவேண்டியதில்லை என்பதே அதன் சாரம். மருமகனுக்கு இதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "அப்ப அது என்ர பிழையில்லை என்ன மாமா?" என்று கேட்டான். அதுவரை அவன் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியாது.

மதிலுக்கு வெளியே வருவதையும் கணக்கெடுத்திருக்கிறார்கள். பிரேசிலில் டோராடோஸ் என்ற நகரத்தில், ஊரில் கண்ட காசநோய்க் கிருமிகளையும் சிறையில் கண்டவற்றையும் மரபணு வழியாக ஒப்பிட்டபோது, ஊர்க் கிருமிகளில் பாதிக்கும் மேலே சிறைக் கிருமிகளோடு உறவாக இருந்தன. அமெரிக்காவில் சிக்காகோவின் குக் கவுண்டிச் சிறைக்குள் ஆட்கள் போய் வந்ததோடு, 2020 ஏப்ரல் நடுப்பகுதி வரை இலினோய் மாநிலத்தில் கண்ட கொரோனாத் தொற்றுகளில் ஏறத்தாழ 16 சதவீதம் தொடர்புபட்டிருந்தது. அங்கேயும் பலர் சில நாட்களே உள்ளே இருந்துவிட்டு வீடு போனவர்கள்.

இனி மானியின் குறைகள். தன்னைத் தானே சரிபார்க்க இது ஒரு வழி வைத்திருக்கிறது: கடந்த சில நாட்களில் கண்ட ஆகக் குறைந்த எண்ணை வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும். சாத்திய அறைக்குள்ளேயே வைத்திருந்தால் நாளடைவில் குறைத்துச் சொல்லத் தொடங்கும். எனக்கு இரண்டாம் மாதத்தில் அப்படி நடந்தது. முற்றத்தில் 310 காட்டியபோதுதான் பிடிபட்டது. கிழமைக்கு ஒருநாள் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். பற்றரி எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது, ஆனால் போன் சார்ஜரில் ஏறும். குசினியில் பயன்படாது, காஸ் அடுப்பும் விறகும் எண்ணை ஏற்றிவிடும். சாமி அறையில் கற்பூரம் கொளுத்தினாலும் அப்படித்தான். அலாரச் சத்தத்தை நிறுத்தும் வழி கையேட்டில் ஆங்கிலத்தில்கூடத் தெளிவாக இல்லை. பின்பக்கப் பொத்தானை ஐந்து விநாடி அமத்திப் பிடிக்கவேண்டும்.

முக்கியமானது வேறு. இது கிருமியை அளக்காது. எண் குறைந்த அறையிலும் ஓர் இருமல்காரரோடு நாள் முழுக்க இருந்தால் தொற்றலாம். எண் கூடிய அறையில் ஒரு நோயாளியும் இல்லாவிட்டால் தொற்றாது. முகக்கவசம் போட்டாலும் எண் மாறாது. இரத்தத்தால் பரவும் சில வகைச் செங்கண்மாரிக்கும், தோலால் பரவும் சொறி சிரங்குக்கும் இதற்கும் தொடர்பில்லை; சிறைகளில் அவையும் இருக்கின்றன. இரண்டு கிழமைக்கு மேலே இருமல் என்றால் மானியைப் பார்க்காமல் சளியைப் பரிசோதியுங்கள். உள்ளே இருந்து வந்தவர் என்றால் அதை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள், நாங்கள் ஒளித்தது போல ஒளிக்காதீர்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று வாங்கச் சொல்லமாட்டேன். யன்னலைத் திறக்க மானி தேவையில்லை. ரியூசன் நிலையங்கள், பாடசாலைகள், குளிரூட்டிய மண்டபம் வைத்திருப்பவர்கள், வாசிகசாலைகள் கட்டாயம் வாங்கலாம். ஊருக்கு ஒன்று இருந்தால் மாறி மாறிப் பாவிக்கலாம். சிறைகளை ஆராய்கிற சுகாதாரத் துறையினர் ஒரு மண்டபத்தில் ஓர் இரவு இதை வைத்துவிட்டுப் போனால், என் கணக்கில் நான் ஊகித்த இடத்தில் உண்மையான எண் வந்துவிடும். அந்த அனுமதியை அவர்களால் பெறமுடியும், என்னால் முடியாது. ஐந்துக்கு நாலு புள்ளி தருகிறேன். ஒன்றைக் குறைத்தது அந்தச் சரிபார்ப்புக் குழப்பத்துக்காக.

மருமகன் ஆறு மாதக் குளிசையையும் ஒருநாள் விடாமல் முடித்துவிட்டான். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. வழக்கு இன்னும் நடக்கிறது. போன தவணைக்குப் போனபோது, உள்ளே இருந்த காலத்து ஆட்கள் மூன்று பேரை நீதிமன்ற வளவில் கண்டு, இருமல் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். ஒருவருக்கு இருந்தது. அடுத்த நாள் காலை அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போனான். மானி இந்தக் கிழமை ஒரு முன்பள்ளியில் இருக்கிறது. வேண்டியவர்கள் கேட்டால் அதற்குப் பிறகு தரலாம்.